பச்சைச் சாயம், கரையும் நூல், சுடும் ஒளி

குடியாத்தத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று வேலூரில் உறுதி செய்திருக்கிறார்கள்; முதலில் கீமோ, பிறகு அறுவை என்று மருத்துவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், எம்.பார்ம். படிக்கும் அவருடைய மகள் ஒரு செய்தியைக் காட்டியிருக்கிறாள்: சாயம் ஏற்றிய, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நானோ துகளை ஊசியில் போட்டு மேலே லேசர் ஒளியைக் காட்டினால் கட்டி மட்டும் வெந்துபோகும், துகள் உடம்பிலேயே கரைந்துவிடும், கத்தியே வேண்டாம் என்கிறது அந்தச் செய்தி. அது உண்மையா, சாயம் உடம்புக்கு விஷம் ஆகாதா, வேலூரில் கிடைக்குமா, கிடைக்கும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா என்பவை அவருடைய கேள்விகள். மகள் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்க விரும்புகிறாள் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடக் கூடாது. நீங்கள் குறிப்பிடும் வகைத் துகள் இன்றுவரை எந்த நாட்டிலும் மார்பகப் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சையாக அனுமதி பெறவில்லை. வேலூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி பொய்யும் அல்ல. எலியில் அது நடக்கிறது. எலியில் நடப்பது மனிதரிடம் ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதைத்தான் விளக்க வேண்டும். வேலூரைச் சுற்றியுள்ள மருந்தியல் கல்லூரிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன், இத்தகைய துகள்களை மாணவர்களுடன் சேர்ந்து செய்தும் கெடுத்தும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சாயம் என்றதும் உங்களுக்குப் பட்டறைத் தொட்டியும் ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரும் நினைவுக்கு வருவது இயல்பு. பாலாற்றங்கரையில் வாழ்கிற எவருக்கும் அந்த அச்சம் உண்டு. ஆயினும் மருத்துவத்துக்கும் சாயத்துக்கும் உறவு பழையது. 1876 இல் ஜெர்மனியில் துணிக்காகச் செய்யப்பட்ட மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை 1891 இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். அதே நீலச் சாயத்தைத்தான் இன்று நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் மார்பில் ஊசியாகப் போட்டு, கட்டியின் பக்கமிருந்து வரும் நிணநீர் அக்குளில் முதலில் போய்ச் சேரும் முடிச்சு எது என்று கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் அக்காவுக்கும் அப்படிச் செய்ய நேரலாம். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பதற வேண்டாம்.

மகள் காட்டிய செய்தியில் வருவது பெரும்பாலும் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயமாக இருக்கும். இதன் பிறப்பிடம் புகைப்படத் தொழில். பிலிம் சுருளைச் சிவப்பு ஒளிக்கும் அதற்கு அப்பாலுள்ள கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கும் உணர்ச்சியுள்ளதாக்க சயனின் குடும்பச் சாயங்களைப் பயன்படுத்திவந்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1950களில் இது உருவானது. 1959 இல் அமெரிக்க மருந்து ஆணையம் மனிதருக்குச் செலுத்த அனுமதித்தது. இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது, கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளப்பதற்கும், பிறகு விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக் குழாய்களைப் படமெடுப்பதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இது மனிதர்களின் நாளத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே, சாயம் விஷமா என்ற கேள்விக்கு, உரிய அளவில் இந்தச் சாயம் விஷமல்ல என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஒரேயொரு எச்சரிக்கை: ஊசிமருந்தில் சிறிதளவு அயோடைடு உப்பு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சாயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை விரலுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலிருக்கும் ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டுமே தப்பித்து வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) வரை அலைநீளம் கொண்ட ஒளி இன்னும் எளிதாகத் தசைக்குள் புகும். அதற்கும் அப்பால் போனால் உடம்பிலுள்ள தண்ணீர் ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆக, இரத்தமும் தண்ணீரும் ஓரளவு கண்ணை மூடிக்கொள்கிற ஒரு சன்னல் அங்கே இருக்கிறது. இண்டோசயனின் கிரீன் 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் மிக வலுவாக உறிஞ்சுகிறது. 808 நானோமீட்டர் லேசரோ விலை மலிந்த, எளிதில் கிடைக்கிற கருவி. சன்னலும் சாயமும் லேசரும் இப்படி ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததால்தான் உலகெங்கும் இத்தனை பேர் இதன் பின்னால் ஓடுகிறார்கள்.

உறிஞ்சிய ஒளியைச் சாயம் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சிறு பங்கைச் சற்றே நீளமான அலைநீளத்தில், சுமார் 820 நானோமீட்டரில், திரும்ப ஒளிர்கிறது. சிறப்புக் கேமரா வழியாகப் பார்த்தால் அது தெரியும். எஞ்சிய பெரும்பங்கு வெப்பமாகிவிடுகிறது. படம் எடுக்க ஒளி வேண்டும், கட்டியைச் சுட வெப்பம் வேண்டும், இரண்டும் ஒரே உண்டியலிலிருந்து வர வேண்டும். செய்திகள் இதை "ஒரே துகளில் இரண்டு பயன்" என்று பாராட்டுகின்றன. உண்மையில் இது ஒரு பாகப்பிரிவினை. சாய மூலக்கூறுகளைத் துகளுக்குள் நெருக்கி அடைத்தால் ஒன்றின் ஒளிர்வை மற்றொன்று அவித்துவிடும். ஒளிர்வு மங்கி வெப்பம் கூடும். தளர்த்தி வைத்தால் ஒளிர்வு கூடும், வெப்பத்துக்குச் சாயம் போதாது. இரண்டையும் திருப்திப்படுத்தும் ஓர் இடைநிலையைத் தேடுவதிலேயே ஆய்வாளரின் பாதி நாள் கழிந்துவிடும். இதற்கு ஒரு மாற்றுவழியும் உண்டு. நொடியில் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் லேசர்த் துடிப்பைச் செலுத்தினால், சாயம் திடீரெனச் சூடேறி, சுற்றியுள்ள திசு விரிந்து, ஒரு மெல்லிய ஒலி பிறக்கும். அதை ஸ்கேன் கருவிபோல் வெளியிலிருந்து கேட்டுப் படமாக்கலாம். வெப்பத்தையே செவியால் பார்ப்பது போன்ற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒளிர்வுப் படத்தைவிட ஆழத்திலும் தெளிவாகத் தெரிகிறது.

அப்படியானால் சாயத்தை அப்படியே ஊசியில் போடாமல் துகளுக்குள் ஏன் வைக்க வேண்டும்? நாளத்தில் ஏறிய சாயம் உடனே இரத்தப் புரதங்களுடன் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் அதை வெகு வேகமாகப் பிடித்துப் பித்தநீரில் தள்ளிவிடுகிறது. மூன்று நான்கு நிமிடங்களில் பாதி போய்விடும். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ எல்லாமே. கட்டியில் தங்குவதற்கு நேரமே இல்லை. இரண்டாவது குறை உங்கள் தொழிலிலும் உண்டு: இந்தச் சாயம் வெளுக்கும். தண்ணீரில் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதே இதற்கான வழக்கமான அறிவுறுத்தல். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் சித்திரை மாதத்தில் ஒரு மாணவர், மரகதப் பச்சையாக இருந்த கரைசலைச் சன்னலோரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தபோது குப்பியில் இருந்தது பழுத்த வாழையிலையை அலசிய தண்ணீர் போன்ற ஒரு நிறம். ஒரு வாரத்துக்கான சாயம் வீணானது; விலையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், உங்கள் பட்டறையில் அந்தப் பணத்துக்கு மூட்டைக் கணக்கில் சாயம் வாங்கலாம்.

சாயத்தைச் சுமந்து செல்லும் கரையும் பொருளும் புதியதல்ல. பால் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் கோத்துச் செய்யும் பி.எல்.ஜி.ஏ. என்ற பிளாஸ்டிக் அது. பிளாஸ்டிக் என்று சொன்னதற்கு அஞ்ச வேண்டாம். 1970களிலிருந்து அறுவை அரங்குகளில் பயன்படும் தானே கரையும் தையல் நூல் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1989 இல் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட, மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு ஊசியிலும் மருந்தைச் சுமப்பது இதே பொருளால் ஆன நுண்ணுருண்டைகள்தாம். உடம்பின் ஈரமே அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிடும். வெளிவரும் பால் அமிலம், நாம் ஓடும்போது தசையில் உருவாகும் அதே பொருள்; செல்கள் அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடுகின்றன. இரண்டு அமிலங்களும் சமபங்கில் இருந்தால் வெகு விரைவாக, ஓரிரு மாதங்களில் கரையும். பால் அமிலத்தின் பங்கு ஏற ஏறக் காலம் நீளும். தங்கத் துகளைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் இதுவே. தங்கம் நன்றாகச் சூடேறும், வெளுக்காது. ஆனால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்க் குடியேறிவிட்டால் எளிதில் வெளியே வராது.

துகள் செய்யும் முறையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மூடி டெட்டாலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் தெளிவாக இருந்தது பால்போல் வெளுக்கிறது அல்லவா? ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீரைக் கண்டதும் கரைந்திருக்க இயலாமல் கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிவதே அந்த வெண்மை. நாங்கள் செய்வதும் ஏறத்தாழ அதுதான். பி.எல்.ஜி.ஏ.யையும் சாயத்தையும் அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்து, சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், கரைப்பான் தண்ணீரோடு போய்விட, பிளாஸ்டிக் தனித்துச் சுருண்டு துகளாகும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தண்ணீரில் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசையைச் சிறிது சேர்ப்போம். ஊதா கலந்த நீல மினுமினுப்பு தண்ணீரில் தெரிந்தால் அளவு சரியாக வந்திருக்கிறது என்று மனம் சொல்லும்; பிறகுதான் கருவி சொல்லும். விரும்பும் அளவு 100 முதல் 200 நானோமீட்டர் வரை. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அளவை ஊகித்துக்கொள்ளலாம். படங்களில் இதை ஓட்டுக்குள் சாயம் நிரம்பிய உருண்டையாக, ஆற்காடு மக்கன் பேடாவின் நடுவில் பருப்பு இருப்பதுபோல வரைகிறார்கள். அப்படியல்ல, பர்பியில் ஏலப்பொடி கலந்திருப்பதுபோலச் சாயம் துகள் முழுவதும் பரவியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். இண்டோசயனின் கிரீன் தண்ணீரில் கரையும் சாயம். துகள் உருவாகும்போதே அது பிளாஸ்டிக்கை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் நழுவிவிடுகிறது. 2004 இல் இந்தச் சாயத்தையும் இந்தப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் துகளாக்கிய முதல் ஆய்வுகள் வெளிவந்ததிலிருந்து இன்றுவரை, எவ்வளவு சாயத்தை உள்ளே தக்கவைப்பது என்பதே முதல் மல்யுத்தமாக இருக்கிறது. துகளின் மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம், ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே கழன்று இரத்தத்தில் கலந்துவிடும். புதிதாகத் தோய்த்த நூல் சிட்டத்தை முதல் அலசலில் போட்டால் பிடிக்காத சாயமெல்லாம் தண்ணீரில் இறங்குமே, அதேதான். நீங்கள் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவீர்கள். நாங்களும் மையவிலக்குக் கருவியில் சுழற்றி அலசுகிறோம். ஆனால் அலச அலசத் துகளும் இழப்பாகிறது. இதிலிருந்து தப்பிக்கப் பலர் ஐ.ஆர். 780 போன்ற எண்ணெய்ப் பசையுள்ள சாயங்களுக்குத் தாவுகிறார்கள். அவை பிளாஸ்டிக்கில் அழகாகத் தங்குகின்றன. ஆனால் மனிதருக்குச் செலுத்தும் மருந்தாக அனுமதி பெற்றவை அல்ல. பழகிய சாயம் தங்க மறுக்கிறது, தங்கும் சாயம் பழக்கமற்றது. கட்டுரையில் பளபளப்பான முடிவு வேண்டுமானால் இரண்டாவதை எடுக்கலாம். நோயாளியிடம் என்றாவது போய்ச் சேர வேண்டுமானால் முதலாவதோடு மல்லுக்கட்டுவதே மேல் என்பது என் கருத்து.

இனி வெப்பத்தின் கணக்கு. ஒரு கிராம் எடையுள்ள கட்டியை, அதாவது ஏறக்குறைய ஒரு பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய ஒன்றை, 37 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்போம். தண்ணீரின் கணக்கில் ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏற 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். 13 டிகிரிக்கு ஏறத்தாழ 55 ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல்; ஒரு வாட் லேசர் ஒளி முழுவதும் வீணாகாமல் கட்டியில் இறங்கினால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் போதும். அவ்வளவு எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கைக் கெடுப்பவை இரண்டு: இரத்த ஓட்டம் வெப்பத்தைக் குளிர்விப்பானைப் போல இடைவிடாமல் அள்ளிச் செல்கிறது, ஒளியோ கட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்பே மறைந்துவிடுகிறது.

செல் எவ்வளவு சூட்டில் சாகிறது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவையான நேரம் பாதியாகும். 43 டிகிரியில் 60 நிமிடம் செய்யும் சேதத்தை 44 டிகிரியில் 30 நிமிடமும் 45 டிகிரியில் 15 நிமிடமும் செய்துவிடும்; 50 டிகிரியைத் தாண்டினால் சில நிமிடங்களுக்குள் புரதங்கள் வெந்த முட்டையின் வெண்கருபோல் இறுகிவிடும். வேலூரில் கத்திரி வெயில் 43 டிகிரி அடிக்கிறதே, நாம் ஏன் சாகவில்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவர் கேட்பார். 43 என்பது காற்றின் சூடு. வியர்வையும் இரத்த ஓட்டமும் சேர்ந்து உள்ளே 37 ஐக் காத்துக்கொள்கின்றன. திசுவே 43 ஆவது வேறு கதை. இந்தக் கைக்கணக்கிலிருந்து ஒன்று புரியும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலும் சிகிச்சை பலிக்காது. கூடினால் பக்கத்துத் தோலும் வேகும். எலி ஆய்வுகளில் வண்ண வண்ணமாகக் காட்டப்படும் வெப்பக் கேமராப் படங்கள் தோலின் மேற்பரப்புச் சூட்டை மட்டுமே காட்டுகின்றன. கட்டியின் அடிப்பகுதியில் எத்தனை டிகிரி என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. அடியில் பிழைத்திருக்கும் ஒரு விளிம்பிலிருந்துதான் கட்டி திரும்ப வளர்கிறது.

ஒளியின் ஆழமே இந்த முறையின் உண்மையான கழுத்துப்பிடி. 800 நானோமீட்டர் ஒளிகூடத் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அடுத்த சில மில்லிமீட்டரில் அதில் மூன்றில் ஒரு பங்கு. 3 சென்டிமீட்டர் ஆழத்தில் எஞ்சுவது நூறில் ஒரு பங்குக்கும் கீழே. சரி, லேசரின் வலுவைக் கூட்டலாமே என்றால், தோல் தாங்காது. இந்த அலைநீளத்தில் தோலுக்குப் பாதுகாப்பானது என்று வரையறுக்கப்பட்ட அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு வாட். எலி ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு வாட்டும் அதற்கு மேலும் செலுத்துகிறார்கள். ஆய்வுக்கூட எலியின் எடை 20, 25 கிராம். கட்டியை அதன் விலாவில், மயிர் மழித்த, காகிதம் போன்ற தோலுக்கு அடியிலேயே வளர்க்கிறார்கள். அங்கே லேசர் காட்டினால் கட்டி கருகி உதிர்வதில் வியப்பில்லை. உங்கள் அக்காவின் கட்டி கொழுப்புத் திசுவுக்குள், எத்தனையோ மடங்கு ஆழத்தில் இருக்கிறது. அக்குள் நிணநீர் முடிச்சுகள் இன்னும் ஆழத்தில்.

அடுத்தது, துகள் கட்டியைப் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வி. கட்டியின் இரத்தக் குழாய்கள் அவசரமாக வளர்ந்தவை. சுவரில் இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளி வழியே கசியும் பெரிய பொருள்கள் வடிகால் இல்லாததால் அங்கேயே தேங்கும் என்று ஜப்பானின் குமமோட்டோவிலிருந்து மட்சுமுராவும் மையேடாவும் 1986 இல் எழுதினார்கள். நானோ மருத்துவத்தின் நம்பிக்கை முழுவதும் நெடுங்காலம் இந்த ஒரு கருத்தின்மேல் நின்றது. பிறகு 2016 இல் அதுவரை பத்தாண்டுகளாக வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஊசியில் போட்ட துகளில் கட்டிக்குச் சென்றது நடுமதிப்பில் 0.7 விழுக்காடு என்று தெரிந்தது. ஆயிரத்தில் ஏழு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்குகின்றன. துகளுக்குப் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வழுவழுப்பான மேற்பூச்சுக் கொடுத்தால் விழுங்குவது தாமதமாகும். ஃபோலிக் அமிலத்தையோ, குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதமான எதிர்ப்பொருளையோ மேலே ஒட்டினால், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மிகுந்த கட்டிச் செல்கள் இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டும் உதவுகின்றன. இரண்டும் செய்முறையை நீட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் துகள் செய்வதைக் கடினமாக்கவும் செய்கின்றன. ஆனாலும் ஒரு நிம்மதி உண்டு: கல்லீரலுக்குப் போன துகள் அங்கே சும்மா கிடக்கும், ஒளி பட்டால்தானே சுடும். நச்சு மருந்தைச் சுமக்கும் துகளைவிட இந்த வகையில் இது சாதுவானது.

மனிதரிடம் இதை முயன்றவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். சிலிக்காவின்மேல் தங்கத்தைப் பூசிய ஓட்டுத் துகள்களைப் புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தி, ஒளி இழையை ஊசி வழியாகச் சுரப்பிக்குள்ளேயே கொண்டுபோய் லேசர் காட்டிய முதற்கட்ட ஆய்வின் முடிவு 2019 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சை முழுமையாகச் செய்ய முடிந்தது. ஒளியை வெளியிலிருந்து காட்டாமல் உள்ளே கொண்டுபோனார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜப்பானில் 2020 இல், எதிர்ப்பொருளில் ஒரு சாயத்தை இணைத்துச் சிவப்பு லேசர் காட்டும் முறையைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். அங்கே செல் சாவது முக்கியமாக வெப்பத்தால் அல்ல, ஒளி தூண்டும் வேதிமாற்றத்தால் செல்லின் உறை கிழிவதால்; துகளும் இல்லை. ஆயினும் சாயமும் ஒளியும் சேர்ந்து புற்றுநோய்க்கு மருந்தாக முடியும் என்பதற்கு அது சான்று.

படமெடுக்கும் பக்கத்தில் நிலைமை இன்னும் நல்லது. இண்டோசயனின் கிரீனும் கேமராவும் இந்தியாவின் பெரிய அறுவை அரங்குகளுக்கு வந்துவிட்டன; பித்தநாளத்தை அடையாளம் காணவும், குடலை வெட்டி இணைத்த இடத்துக்கு இரத்தம் பாய்கிறதா என்று பார்க்கவும், நிணநீர் முடிச்சைத் தேடவும் உதவுகின்றன. 2021 இல் அமெரிக்காவில் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகப் புற்றுநோய்க்கென ஃபோலிக் அமிலத்தை ஒத்த பொருளில் சாயம் இணைத்த மருந்தும், 2024 இல் மார்பகத்தில் கட்டியை எடுத்த குழியில் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் மற்றொரு சாயமும் அனுமதி பெற்றன. இவை எவையும் நானோ துகள் அல்ல. நிலம் தயாராகிறது, சுடும் பயிர் இன்னும் நாற்றங்காலில் இருக்கிறது.

வெப்பத்தாலேயே கட்டியை அழிக்க வேண்டும் என்றால் அதற்கும் துகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லீரல் கட்டிகளில் ஊசியை இறக்கி ரேடியோ அலையாலோ மைக்ரோ அலையாலோ சுடும் முறை பல ஆண்டுகளாக நம் ஊர்களிலேயே வழக்கத்தில் இருக்கிறது. எந்த நோயாளிக்கு அது பொருந்தும் என்பதைக் கட்டியின் இடமும் அளவும் தீர்மானிக்கின்றன. முதலில் கீமோ என்று முடிவெடுத்திருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கு அது மாற்று ஆகாது. காரணம் எளியது: சூடு சுட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும், கீமோ இரத்தத்தோடு சென்று கண்ணுக்குத் தெரியாத விதைகளையும் தேடும். நானோ என்ற சொல்மீது மகளுக்கு ஈர்ப்பு என்றால், கீமோவிலேயே நானோ உண்டு என்று சொல்லுங்கள். டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழில் அடைத்த மருந்து 1995 இலிருந்தும், பேக்லிடேக்சலை ஆல்புமின் புரதத்தோடு கட்டிய மருந்து 2005 இலிருந்தும் பயன்பாட்டில் இருக்கின்றன.

வேலூரில் கிடைக்குமா என்ற கேள்விக்கு இன்னும் ஒரு சொல். காந்தி ரோட்டில் நடந்தால் விடுதிப் பலகைகளில் தமிழைவிட வங்காள எழுத்து அதிகம் கண்ணில் படுகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து நோயாளிகள் இந்த ஊரை நம்பி வருகிறார்கள். நம்பிக்கை கூடும் இடத்தில் "புது வைத்தியம் இருக்கிறது" என்று காதில் ஓதுபவர்களும் எங்கேயும் இருப்பார்கள். யாராவது நானோ லேசர் சிகிச்சை தருவதாகச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009 இலிருந்து மருந்தாய்வுகளை அங்கே பதிவு செய்வது கட்டாயம். யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஆய்வுக்கான மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குகிறார்கள் என்றாலோ, தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் தரவில்லை என்றாலோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2019 இல் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டிருக்கிறது. மகள் அதை முழுவதுமாகப் படிக்கட்டும்.

அவளுடைய ஆய்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு நல்லது, ஆனால் துகள் செய்து, அளவு பார்த்து, லேசர் காட்டி, வெப்பநிலை ஏறிய வரைபடத்தோடு முடித்துவிட்டால் ஏற்கெனவே உள்ள நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இன்னொன்றாகிவிடும். அவள் செய்ய வேண்டிய முதல் வேலை நான்கு குப்பிகளை அருகருகே வைப்பது: வெறும் தண்ணீர், சாயமில்லாத துகள், துகளில்லாத சாயம், சாயமேற்றிய துகள். நான்குக்கும் ஒரே ஒளி, ஒரே நேரம், குப்பிக்குள் மூழ்கிய வெப்பமானி. பிறகு லேசரை அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் காட்ட வேண்டும். இப்படி ஐந்து முறை. முதல் சுற்றில் 20 டிகிரி ஏறியது ஐந்தாம் சுற்றில் எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் சாயம் வெளுத்த கதை வெளிப்படும். அதற்குப் பிறகு கறிக்கடையில் தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கி, அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் துண்டுகளாக்கி, லேசருக்கும் குப்பிக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும். செலவு நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. என் மாணவர்கள் இதைச் செய்தபோது, இரண்டு சென்டிமீட்டர் துண்டை வைத்ததும் வெப்பமானியின் எண் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிட்டது. அதுவரை ஆரவாரமாக இருந்த ஆய்வகம் சட்டென்று அமைதியானது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த எண்ணையும் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். 808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது; தெரியாததால் இமை தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை வெந்த பிறகே தெரியும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை அவளும் அறையில் இருக்கும் மற்றவர்களும் போட்டுக்கொண்ட பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். குப்பிகளை வைக்கும் மேசையில், ஒளியைத் தெறிக்கவிடும் எவர்சில்வர் தட்டு எதுவும் இருக்கக் கூடாது.